இன்கா பாதையில் நடக்க 1.75 லட்சம் போதுமா? பர்சனல் லோன் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. மதுரையில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. பிடித்தம் போக 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 24,000. கணவர் சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். வீட்டுச் செலவெல்லாம் போக மாதம் 20,000 மிச்சம் பிடிக்க முடிகிறது. சேமிப்புக் கணக்கில் 3.2 லட்சம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் கல்லூரிக்காக 5 லட்சம் எஃப்.டி. போட்டிருக்கிறோம். கல்லூரித் தோழி ஒருத்தியும் நானும் வரும் மே விடுமுறையில் பெரு நாட்டுக்குப் போய், இன்கா பாதையில் நான்கு நாள் நடந்து, இன்கா மக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சு பார்க்க ஆசைப்படுகிறோம். 12 பேர் கொண்ட குழு, மொத்தம் 8 நாள், ஆளுக்கு 1,950 டாலர். விமான டிக்கெட் தனி. பர்சனல் லோன் வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா? "அந்தக் காசுக்கு நகை வாங்கிப் போட்டால் பிள்ளைக்காவது ஆகும்" என்கிறார் கணவர்.

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் வரும் மே மாதம் வேண்டாம், அதற்கு அடுத்த மே மாதம் போங்கள். அப்படிப் போனால் நீங்கள் கேட்ட மூன்று வழிகளுமே தேவைப்படாது.

முதலில் அந்த 1,950 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 1,75,500 ரூபாய் ஆகிறது. உங்கள் மனதில் பதிந்திருப்பது இந்தத் தொகைதான். ஆனால் இது பெருவின் மலை நகரமான குஸ்கோவில் தொடங்கி குஸ்கோவிலேயே முடிகிற செலவு. அங்கே போய்ச் சேருவது உங்கள் பாடு. சென்னையிலிருந்து பெருவின் தலைநகர் லிமாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாக மாறிப் போக 1.7 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வழியாகச் சில சமயம் மலிவு டிக்கெட் கண்ணில் படும். அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும் என்பது டிக்கெட் போட்ட பிறகுதான் பலருக்குத் தெரியவரும். லிமாவிலிருந்து குஸ்கோ போய்வர இன்னொரு 15,000. பெரு விசா, அதற்கான அலைச்சல் 15,000. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள்) இவற்றில் ஏதாவது ஒரு விசா ஆறு மாதமாவது செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தால் இந்தச் செலவு மிச்சம்.

அடுத்து குஸ்கோவில் இரண்டு நாள் முன்னதாகவே போய்த் தங்கும் செலவு. இதை ஆடம்பரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். நடைபயணத்தின் இரண்டாம் நாள் வார்மிவானுஸ்கா கணவாயில் 4,215 மீட்டர் உயரம் வரை போக வேண்டும். உடம்பு அந்த உயரத்துக்குப் பழகாமல் போய்ப் பாதியில் தலைசுற்றித் திரும்பினால், கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. ஆக அந்த இரண்டு இரவு, கடைசியில் லிமாவில் ஓர் இரவு, பேக்கேஜில் வராத சாப்பாடு எல்லாம் சேர்த்து 30,000. பயணக் காப்பீடு 8,000. ஷூ, மழைக்கோட்டு, குளிர் உடை 20,000. ஸ்லீப்பிங் பேக், ஊன்றுகோல் வாடகை, டிப்ஸ் எல்லாம் 25,000.

கூட்டினால் 4,58,500. கார்டு கட்டணம், டாலர் ஏற்றம், கைச்செலவு என்று பத்து சதவீதம் சேர்த்தால் 5 லட்சத்தைத் தாண்டுகிறது. 1.75 லட்சத்துப் பயணம் என்று வீட்டில் பேச்சை ஆரம்பித்திருந்தால், கணவரிடம் இன்றே இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள். பாதி வழியில் தெரிந்தால்தான் சண்டை வரும்.

இந்த 5 லட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்று வருட பர்சனல் லோனாக வாங்கினால் மாதத் தவணை 16,607 ரூபாய். வட்டி மட்டுமே 97,000-க்கு மேல் போகும். உங்களால் மாதம் 20,000 மிச்சம் பிடிக்க முடிகிறது. அதாவது அதே தவணையை வங்கிக்குக் கட்டாமல் உங்களுக்கே கட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அப்புறம் எதற்குக் கடன்? நகை அடகும் அதே கதைதான், வட்டி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். மகளின் எஃப்.டி.யைத் தொடவே கூடாது. முன்கூட்டி உடைத்தால் வட்டியில் வெட்டு விழும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவள் கல்லூரி சேரும் ஜூன் மாதத்தைத் தள்ளிப்போட முடியாது, பெருவைத் தள்ளிப்போடலாம்.

கணவர் சொல்வதில் தப்பில்லை, ஆனால் இரண்டும் இரண்டு கணக்கு. மகளுக்கான பணம் தனியாகப் பத்திரமாக இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் மிஞ்சுகிற காசில் 46 வயதில் ஒரு மலையேற ஆசைப்படுவதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். நகையை 60 வயதிலும் வாங்கலாம், அந்தக் கணவாயை 60 வயதில் ஏறுவது கஷ்டம்.

சேமிப்புக் கணக்கில் 2 லட்சத்தை அவசரத்துக்கென்று அப்படியே விடுங்கள். மீதி 1.2 லட்சம். இந்த அக்டோபரிலிருந்து மாதம் 20,000 வீதம் 19 மாதம் சேர்த்தால் 3.8 லட்சம். ஆகமொத்தம் 5 லட்சம், வட்டி தனி. ஆர்.டி.யில் போடுங்கள், அல்லது சீக்கிரம் எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டில் போடுங்கள். "எஸ்.ஐ.பி. போட்டால் இன்னும் வளருமே" என்று யாராவது சொல்வார்கள். 19 மாதத்தில் எடுக்க வேண்டிய பணத்துக்குப் பங்குச் சந்தை ஏற்ற இடமல்ல.

அந்த மே மாதத்தைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரும் மே மாதம் மகளின் பத்தாம் வகுப்பு ரிசல்ட், பதினொன்றாம் வகுப்பு சேர்க்கை. மூன்றாவது மே மாதம் பிளஸ் டூ முடிந்து கல்லூரி அலைச்சல். நடுவில் இருக்கிற மே மாதம்தான் வீட்டில் அமைதியான மே. பெருவின் மலைப்பகுதியிலும் மே மாதம் மழை ஓய்ந்து வறண்ட காலம் தொடங்குகிற நேரம்.

பணம் மொத்தமாக ஒரே நாளில் தேவைப்படாது. இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், போர்ட்டர்கள் எல்லாரும் அடக்கம், பயணிகளுக்குச் சுமார் 200 இடம்தான். பிப்ரவரி முழுவதும் பாதையை மூடிவிடுவார்கள். அதனால் மே முதல் ஆகஸ்ட் வரையிலான இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அனுமதிச் சீட்டு உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண்ணோடு வாங்கப்படும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. ஆகவே அடுத்த வருடம் அக்டோபர் வாக்கில் முன்பணம், ஜனவரியில் விமான டிக்கெட், மார்ச்சில் பாக்கித் தொகை, ஏப்ரலில் சில்லறைச் செலவு என்று பிரியும். சுமார் 400 டாலர் முன்பணம் கேட்டால் 36,000 ரூபாய். அந்த நேரத்தில் உங்களிடம் 3.6 லட்சம் சேர்ந்திருக்கும். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: நீங்கள் அரசு ஊழியர். வெளிநாடு போகத் துறையின் முன் அனுமதி வேண்டும். செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து வருகிறது என்றும் பொதுவாகக் கேட்பார்கள். ஆர்.டி. கணக்கைக் காட்ட முடிந்தால் அந்தக் கேள்வியும் சுலபம். கோப்பு எவ்வளவு வேகத்தில் நகரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது விலை விஷயம். தேடினால் 1,950 டாலருக்குக் கீழேயும் கிடைக்கும். கட்டணம் எந்த இடத்தில் குறைகிறது என்று பாருங்கள். அனுமதிச் சீட்டு விலை எல்லாருக்கும் ஒன்றுதான். மச்சு பிச்சு அடிவாரத்து ஊரான அகுவாஸ் கலியென்டெஸுக்குச் சாலை வசதி இல்லை, பெரும்பாலும் ரயிலில்தான் வர வேண்டும், அதிலும் பெரிதாகக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது போர்ட்டர்களின் கூலியும் அவர்கள் எண்ணிக்கையும்தான். நடைபாதை தொடங்கும் இடமான, ரயில் பாதையின் 82-ஆம் கிலோமீட்டரில் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே போர்ட்டர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவர் மூட்டையையும் தராசில் ஏற்றி எடை பார்ப்பார்கள். ஓர் ஆள் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது சட்டம். அந்த 20 கிலோவில் உங்கள் கூடாரம், சிலிண்டர், சமையல் பாத்திரம், உங்கள் பையில் ஒரு பங்கு எல்லாம் இருக்கும். நீங்கள் மூச்சு வாங்கி நிற்கும்போது அதைச் சுமந்துகொண்டு அவர்கள் உங்களைத் தாண்டி ஓடி, நீங்கள் போய்ச் சேருவதற்குள் சமையலை முடித்திருப்பார்கள். எத்தனை பயணிக்கு எத்தனை போர்ட்டர், அவர்கள் படுக்கத் தனிக் கூடாரமும் பாயும் உண்டா, ஒருவருக்கு என்ன கூலி என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஒழுங்கான நிறுவனம் எண்களோடு பதில் சொல்லும். மழுப்பினால் அந்தக் கட்டணம் ஏன் குறைவு என்று புரிந்துவிடும். டிப்ஸுக்கென்று 80 முதல் 100 டாலரைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன 25,000-இல் அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்.

டாலர் நோட்டு கொண்டு போனால் கிழியாத, கறைபடாத நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். சின்னக் கிழிசல் இருந்தாலும் பெருவில் வாங்க மறுப்பார்கள். உள்ளூர்ப் பணத்துக்கு "சோல்" என்று பெயர், அதை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்.

வரியைப் பற்றி இரண்டு வரி. இங்குள்ள ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும், விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரியான டி.சி.எஸ்.ஸும் சேரும். டி.சி.எஸ். விகிதம் அடிக்கடி மாறுகிறது. 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5, அதற்கு மேல் 20 சதவீதம் என்றார்கள். 2025 ஏப்ரலில் அந்த எல்லை 10 லட்சமானது. பணம் கட்டும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. போனது போனதுதான். டி.சி.எஸ். உங்கள் வருமான வரியில் கழியும். சம்பளம் வழங்கும் அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவித்தால், மாதாமாதம் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸில் அதைச் சரிக்கட்டும் வசதி 2024 முதல் இருக்கிறது. குஸ்கோ நிறுவனத்துக்கு நேரடியாகக் கிரெடிட் கார்டில் கட்டினால் பெரும்பாலான கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் மார்க்அப் (வெளிநாட்டுப் பணத்துக்கான கூடுதல் கட்டணம்), அதன்மேல் ஜி.எஸ்.டி.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். இங்கே விற்கும் பல பயணக் காப்பீடுகளில் மலையேற்றம் சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கும், அல்லது உயர வரம்பு இருக்கும். "வழிகாட்டியோடு 4,215 மீட்டர் வரை நடக்கிறேன், நோய் வந்தால் கீழே இறக்கும் செலவு உண்டா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் மறைக்காதீர்கள். பயண ரத்து, தாமதம் இரண்டுக்கும் ஈடு இருக்கட்டும். 2023 ஜனவரியில் அரசுக்கு எதிரான போராட்டத்தில் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் மச்சு பிச்சு அடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தளத்தையும் சில வாரம் மூடிவிட்டார்கள். குஸ்கோவிலிருந்து திரும்பும் நாளுக்கும் சென்னை விமானத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

தோழி விஷயத்தில் ஒன்று. இரண்டு பேருக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டாதீர்கள். அவரவர் பெயரில் அவரவர் கார்டில் கட்டுங்கள். இரட்டை அறைக் கணக்கில்தான் இந்த விலை சொல்லியிருப்பார்கள். அவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் உங்களுக்குத் தனி அறைக் கட்டணம் விழுமா, எவ்வளவு என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

எல்லாம் செய்தும் அனுமதிச் சீட்டு கிடைக்காமல் போகலாம். அப்போது கள்ளத்தனமாகச் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே குழுக்கள் லாரெஸ் வழியிலும் கூட்டிப் போகின்றன, அதற்கு இன்கா பாதை அனுமதி வேண்டியதில்லை. உயரம் அங்கேயும் 4,000 மீட்டரைத் தாண்டும், ஆகவே காப்பீட்டில் உயர வரம்பைத் திரும்பப் பாருங்கள். இன்டி புங்கு வாசல் வழியாக விடியற்காலையில் மச்சு பிச்சுவை எட்டிப்பார்க்கும் வாய்ப்பு போகும், ரயிலில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஊர், மக்கள், நெசவு எல்லாம் பார்க்கக் கிடைப்பது லாரெஸ் வழியில்தான் அதிகம். இந்தப் பகுதி நெசவாளப் பெண்கள் கள்ளிச் செடியில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்குவார்கள், கை முழுக்கக் கருஞ்சிவப்பாகும். மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் நிறம் ஆரஞ்சுப் பக்கம் போகும். அந்தச் சாயத்தில் தோய்த்து கையால் நெய்த சால்வைக்கு அவர்கள் சொல்லும் விலையில் பேரம் பேச வேண்டாம். சந்தையில் "அல்பாகா" (அங்குள்ள ஒரு விலங்கின் கம்பளி) என்று சொல்லிப் பத்து மடங்கு மலிவாகக் கொடுத்தால் அது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல்.