15 வருட ஆல்டோவை மாற்ற வேண்டும்: 4 லட்சத்தில் நம்பகமான பழைய காரை எப்படிப் பார்த்து வாங்குவது?

சென்னையில் மாதம் 600 கி.மீ. ஓட்டம், ஆல்டோவின் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடியப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். எரிபொருளில் மிச்சம் பிடித்ததை ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை விழுங்கிவிடும். பெட்ரோலில் கே10 எஞ்சின் வேகன் ஆர், 1.2 ஸ்விஃப்ட், 1.2 கிராண்ட் ஐ10 மூன்றிலுமே டைமிங் செயின் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி). பழைய 1.1 ஐ10-இல் அதற்குப் பதில் பெல்ட், அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றியதற்கு பில் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் மாடலைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பார்க்கப் போகும் முன் "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று போனில் சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிடலாம். செயினின் கடகட சத்தம், பலவீனமான பேட்டரி, வால்வ் சீல் தேய்ந்து முதல் சில விநாடிகள் சைலன்சரில் வரும் நீலப் புகை எல்லாம் குளிர்ந்த எஞ்சினில்தான் தெரியும். சூடானதும் ஒளிந்துகொள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (சூடான எஞ்சினில் திறக்கவே கூடாது). கூலன்ட் மேல் எண்ணெய்ப் படலமோ, ஆயில் மூடியின் உட்புறம் காபி நுரை போன்ற படிவோ இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்குள் ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) மேல் சந்தேகம் வர வேண்டும்.

சாவியை ஆன் செய்ததும் செக் எஞ்சின், ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில விநாடிகளிலும், செக் எஞ்சின் விளக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம் (ஏர்பேக் இல்லாத மாடலில் அந்த விளக்கு இருக்காது). ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். கோளாறு கோட் (code) எதுவும் இல்லை என்று அவர் சொன்னாலும் ரெடினெஸ் சோதனைகள் (வண்டியின் கணினி தானே செய்துகொள்பவை) முடிந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். முடியாமல் இருந்தால், கோளாறு கோட்களைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

பிறகு ஏ.சி. போட்டு 15 கி.மீ. ஓட்டுங்கள். நான்காம் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

சென்னை வண்டியில் நான் அதிகம் பயப்படுவது வெள்ளத்துக்குத்தான். 2015, 2023 டிசம்பர்களில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். ஆனால் பதிலை நம்பி இருந்துவிடாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் பழுப்புக் கறைக் கோடு தெரியும். பெல்ட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் காரணம் கேட்க வேண்டும். சீட் தண்டவாளம், ஸ்டெப்னி குழி, கார்ப்பெட்டின் அடிப்பக்கம் மூன்றிலும் வண்டல், துரு தேடுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே கனெக்டர் பின்கள் பச்சை பிடித்திருந்தால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். அதன் மின் கோளாறுகள் வருஷக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

கி.மீ. மீட்டரைக் குறைப்பது சர்வ சாதாரணம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மீட்டர் 25,000 காட்டுகிறது, நான்கு டயரும் வண்டியைவிட மூன்று வயது இளசு என்றால் கணக்கு இடிக்கிறது. தேய்ந்துபோன பிரேக் மிதி ரப்பரும் பொய் சொல்லாது. பானெட், ஃபெண்டர் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அடிபட்டதா என்று உள்ளே பாருங்கள்.

சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அதில் கடன் பதிவு இருந்தால் வங்கி என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் விற்பவர் கையெழுத்து வேண்டும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தவறினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது சிக்கல். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவருடையது, வண்டியோடு வராது. வாங்கியதும் ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், பேட்டரி, தேவைப்பட்டால் டயர் என்று 40,000 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். ஆக, பேரம் 3.6 லட்சத்தில் முடிய வேண்டும்.

ஆல்டோவை புரோக்கரிடம் தள்ளிவிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை சட்டப்படி ஓனர் நீங்கள்தான். அது எங்கே இடித்தாலும் நஷ்டஈட்டு வழக்கு உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.