கணினிக் கேள்வி பதில்: ஓவர்குளொக்கிங் செய்ய எந்த மதர்போட்?

திருகோணமலை மாவட்டத்திலிருந்து மதர்போட் தெரிவு பற்றியும், ஓவர்குளொக்கிங் (புரொசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் ரைசன் 5 5600 புரொசசர் இருக்கிறது. அண்ணா பாவித்துவிட்டுத் தந்த ஏ320 மதர்போட்டில் அது ஓடுகிறது. ஓவர்குளொக்கிங் செய்து பார்க்க ஆசை. கடையில் பி450, பி550, எக்ஸ்570 என்று மூன்றைக் காட்டி, விலை கூடியதே நல்லது என்கிறார்கள். எதை வாங்குவது?
(உயர்தர மாணவர், உவர்மலை)

பதில்: ஏ320 பலகையை மாற்ற நினைத்தது சரியான முடிவு. ஏ320 என்ற அந்தச் சிப்செட்டில் (மதர்போட்டின் கட்டுப்பாட்டுச் சிப்) புரொசசரின் மீடிறனை உயர்த்த, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் இடம் வைக்கவில்லை. பி450, பி550, எக்ஸ்570 ஆகிய மூன்றும் இடம் தருகின்றன. எனவே அனுமதி என்ற அளவில் இவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது. எக்ஸ்570 இன் கூடுதல் விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கூடுதலான பிசிஐஇ 4.0 பாதைகளே (எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் அட்டை போன்றவற்றை இணைக்கும் தரவுப் பாதைகள்). மூன்று நான்கு எஸ்எஸ்டி பூட்டும் எண்ணம் இல்லாத ஒருவருக்கு அவை தேவைப்படா. தவிர, 2019 இல் வெளிவந்த எக்ஸ்570 பலகைகளில் பெரும்பாலானவற்றின் சிப்செட்டுக்கு மேல் சிறு விசிறி ஒன்று சுழலும். கடற்காற்றும் தூசியும் சேர்ந்த நம்மூரில் முதலில் முனகத் தொடங்குவது அந்த விசிறியாகவே இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் புரொசசர் சொக்கெட்டின் இடப்புறத்திலும் மேற்புறத்திலும் உள்ள பகுதி. மின்வழங்கியிலிருந்து 12 வோல்ற்றில் வரும் மின்னை, புரொசசருக்கு வேண்டிய ஏறக்குறைய 1.2 வோல்ற்றுக்கு இறக்கித் தரும் விஆர்எம் சுற்று அங்கேதான் இருக்கிறது. வோல்ற்றளவு இறங்கும்போது மின்னோட்டம் ஏறும்: 1.25 வோல்ற்றில் 100 வாட் வேண்டுமென்றால் 80 அம்பியர் பாய வேண்டும். நம் வீடுகளுக்கு வழமையாகக் கிடைக்கும் மின் இணைப்பே 30 அம்பியர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனை மின்னோட்டத்தைக் கையாளும் மொஸ்பெட்டுகள் (விஆர்எம்மில் உள்ள சிறு மின் ஆளிகள்) சூடாவது தவிர்க்க முடியாதது. அந்தச் சூட்டை எவ்வளவு நன்றாக வெளியேற்றுகிறது என்பதில்தான் நல்ல பலகைக்கும் மலிவான பலகைக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

ஓவர்குளொக்கிங் இந்தச் சுமையை எப்படிக் கூட்டுகிறது என்பதற்கு நீங்கள் பௌதிகவியலில் படித்ததே போதும். புரொசசர் செலவிடும் வலு மீடிறனுக்கு நேர்விகிதமாகவும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் உயரும். உதாரணமாக 4.2 கிகாஹேட்ஸை 4.6 ஆக்குவதற்காக வோல்ற்றளவை 1.20 இலிருந்து 1.35 ஆக உயர்த்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். வலு 39 சதவீதம் அளவுக்குக் கூடும். வேகத்துக்காகத் தொட்ட கை வெப்பத்தில் போய் நிற்கும் கதை இது.

திருகோணமலைக்காரர் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். வெளிநாட்டுப் பரிசோதனைகளில் மொஸ்பெட்டின் வெப்பநிலை 80 பாகை என்று எழுதியிருந்தால், அந்த அறை பெரும்பாலும் 21 முதல் 25 பாகைக்குள் இருந்திருக்கும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஏசி இல்லாத நமது அறைகள் பிற்பகலில் 33 பாகையைத் தாண்டும். அந்த 10 பாகை வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே மொஸ்பெட்டின் வெப்பநிலையோடு சேர்ந்துவிடும். இதை நான் பட்டறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் மொஸ்பெட்டுகளின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாத பி450 பலகை ஒன்றில் எட்டு கோர் புரொசசரைப் பூட்டி, காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். பிற்பகல் மூன்று மணியானால் வேகம் திடீரென்று சரிந்தது. புரொசசர் கூலரை இரண்டு தடவை கழற்றிப் பசை பூசிய பிறகுதான், பலகை தன்னைக் காத்துக்கொள்ளவே புரொசசரின் வேகத்தைக் குறைக்கிறது என்பது விளங்கியது. மொஸ்பெட்டுக்கு அருகே விரலைக் கொண்டுபோக முடியவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளே பரவாயில்லை என்று தோன்றியது.

உங்கள் 5600 சாதாரண நிலையில் 76 வாட் வரை மட்டுமே எடுக்கும் அடக்கமான புரொசசர். விஆர்எம்மின் இரு வரிசைகளிலும் கனமான, துடுப்புகள் வெட்டிய ஹீட்சிங்க் உள்ள நடுத்தர விலைப் பி550 பலகை ஒன்று அதற்குத் தாராளம். மிச்சம் பிடிக்கும் பணத்தில் கேசிங்குக்கு இரண்டு விசிறிகளும் நல்ல கூலர் ஒன்றும் வாங்குங்கள். மேலும், எல்லாக் கோர்களையும் ஒரே மீடிறனில் பூட்டி வைக்கும் பழைய முறையைவிட, பயோஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் மதர்போட்டின் அமைப்பு மென்பொருள்) உள்ள கர்வ் ஒப்டிமைசர் என்ற வசதி மூலம் வோல்ற்றளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவதையே நான் விரும்புவேன். சூடு குறையக் குறைய, புரொசசர் தானாகவே கூடிய வேகத்தில் நிலைத்திருக்கும்.

கேள்வி: வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கோர் ஐ5-13400 புரொசசருடன் ஓவர்குளொக்கிங்குக்காக இசட்790 மதர்போட் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு பெட்டியில் "16+1" என்றும், இன்னொன்றில் "8+1" என்றும் போட்டிருக்கிறது. எண் கூடியதுதான் சிறந்ததா?
(ஸ்டூடியோ நடத்துபவர், கிண்ணியா)

பதில்: முதலில் அந்தப் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். இன்டெல் புரொசசர்களில் பெயரின் முடிவில் "கே" என்ற எழுத்து உள்ளவையே பெருக்கி (மீடிறனை நிர்ணயிக்கும் எண்) திறந்தவை. அவற்றின் மீடிறனை உயர்த்துவதற்கே இசட் வரிசைச் சிப்செட் தேவைப்படுகிறது. உங்கள் 13400 இல் அந்த எழுத்து இல்லை. இசட்790 இல் பூட்டினாலும் அதன் பெருக்கி பூட்டியபடியே இருக்கும். நினைவகத்தை எக்ஸ்எம்பி வேகத்தில் (ராம் தயாரிப்பாளர் குறித்துத் தந்த கூடிய வேகம்) ஓட்டுவதற்குப் பி760 போதும். எச்610 இல் அதுவும் கிடையாது. உங்கள் தொழிலுக்கு, மீதமாகும் தொகையில் ராமை 32 கிகாபைட்டாக ஆக்குவது எந்த ஓவர்குளொக்கிங்கையும்விடப் பயன்படும்.

எண்களைப் பொறுத்தவரை, கூட்டல் குறிக்கு முன்னால் உள்ளது புரொசசரின் கோர்களுக்கு மின் தரும் கட்டங்களையும் (விஆர்எம் சுற்றின் தனித்தனிப் பிரிவுகள்), பின்னால் உள்ளது உள்ளிணைந்த கிராபிக்ஸ் போன்ற பிற பகுதிகளுக்கானவற்றையும் குறிக்கும். ஆனால் 16 என்று போட்ட பலகைகள் பலவற்றில் கட்டுப்படுத்தும் சிப் உண்மையில் 8 கட்டங்களையே இயக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மொஸ்பெட் தொகுதிகளைச் சோடியாக வைத்து 16 என்று எண்ணுகிறார்கள். இது ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் சுமை பங்கிடப்படுவதால் சூடு மெய்யாகவே குறைகிறது. எனினும் எண்ணை மட்டும் வைத்து இரண்டு பலகைகளை ஒப்பிட முடியாது. ஒவ்வொரு தொகுதியும் எத்தனை அம்பியர் தாங்கும் என்பதையும் பாருங்கள். 90 அம்பியர் தொகுதிகள் எட்டு உள்ள பலகை, 50 அம்பியர் தொகுதிகள் பன்னிரண்டு உள்ள பலகைக்கு எவ்விதத்திலும் குறைந்ததாகாது.

கேள்வி: வீடு கடற்கரையோரம். இரண்டு வருடத்தில் மதர்போட்டின் உலோகப் பகுதிகளில் பச்சையும் வெள்ளையுமாகப் படிகிறது. ஓவர்குளொக்கிங் செய்தால் இது இன்னும் மோசமாகுமா?
(விடுதி உரிமையாளர், நிலாவெளி)

பதில்: நேரடியாக மோசமாகாது, ஓடிக்கொண்டிருக்கும் கணினி சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் தங்குவது குறைவு. ஆபத்து, மாரிக்காலத்தில் நாட்கணக்காக நிறுத்தி வைத்த கணினிக்குத்தான். கடற்காற்றிலுள்ள உப்பு தூசியோடு சேர்ந்து பலகையில் படிகிறது. காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகி, உலோகங்களுக்கிடையில் மின் கசிவதற்கும் அரிப்புக்கும் வழி செய்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் நிலாவெளியில் அந்த அளவைத் தாண்டாத இரவு அருமை.

எனவே கேசிங்கின் காற்று உறிஞ்சும் பக்கத்தைக் கடல் பார்த்த யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பாவிக்காவிட்டாலும் நாளுக்கு ஒரு மணிநேரமாவது ஓடவிடுங்கள். படிந்ததை ஐசோபுரோபைல் மதுசாரமும் மென்மையான தூரிகையும் கொண்டு, மின்னைத் துண்டித்த பிறகு துடைக்கலாம். நன்றாகக் காயும்வரை மின் கொடுக்க வேண்டாம். மதர்போட் முழுவதும் வார்னிஷ் தெளித்துப் பாதுகாக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டு, சொக்கெட்டுகளையும் ராம் துளைகளையும் மூடிவிடாதீர்கள்.

கேள்வி: மின்வெட்டுக்குப் பின் கணினி திரையில் ஒன்றும் காட்டாமல் நிற்கிறது. ஓவர்குளொக்கிங்தான் காரணம் என்கிறார் திருத்துபவர். இதைத் தவிர்க்கும் மதர்போட் உண்டா?
(ஆசிரியை, தம்பலகாமம்)

பதில்: மின்வெட்டினால் மட்டும் பயோஸ் அமைப்புகள் அழிவதில்லை. பலகையிலுள்ள 3 வோல்ற்று நாணய பற்றரி தேய்ந்திருந்தால் அழியக்கூடும். அதை முதலில் மாற்றிப் பாருங்கள், சில நூறு ரூபாவோடு வேலை முடிந்துவிடலாம். மற்றபடி, விளிம்பில் நிற்கும் ராம் வேகம் சூடான கணினியில் ஒத்துழைத்து, குளிர்ந்த பின் தொடங்கும்போது அடம்பிடிப்பது வழக்கம். எக்ஸ்எம்பி வேகத்தை ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

புதிய பலகை வாங்குவதானால் மூன்று வசதிகளைக் கேட்டு வாங்குங்கள். பின்புறத்தில் சீமொஸ் (பயோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) அழிக்கும் பொத்தான் இருந்தால் தவறான அமைப்பைக் கேசிங் திறக்காமலே நீக்கலாம். புரொசசர், ராம், கிராபிக்ஸ் ஆகியவற்றில் எதில் தடை என்று காட்டும் சிறு விளக்குகள் இருந்தால் திருத்துபவரின் ஊகத்துக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது பயோஸ் பிளாஷ்பேக்: பயோஸைப் புதுப்பிக்கும் நடுவில் மின் போய்ப் பலகை பேச்சற்றுப் போனாலும், யூஎஸ்பி குச்சி ஒன்றால் அதை மீண்டும் எழுப்பிவிடலாம். 2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் மின் நின்ற நாட்களை மறக்காதவர்கள், யூபிஎஸ் இல்லாமல் பயோஸைத் தொடமாட்டார்கள்.

கேள்வி: நான்கு ராம் துளைகளில் இரண்டு ராமை எங்கே பூட்டுவது?
(வாசகி, உப்புவெளி)

பதில்: பெரும்பாலான பலகைகளில் புரொசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும். கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓவர்குளொக்கிங் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்கிறார்கள். பயோஸில் எதையும் தொடாமல் "ஓட்டோ" என்று விட்டால் பயமில்லைதானே?
(வாசகர், மூதூர்)

பதில்: ஓவர்குளொக்கிங்கால் வரும் சேதம் உத்தரவாதத்துக்குள் அடங்காது என்று இன்டெல், ஏஎம்டி ஆகிய இரண்டுமே எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் "ஓட்டோ" என்பது காவல் தெய்வமன்று. 2023 இல் ரைசன் 7000 எக்ஸ்3டி புரொசசர்கள் சில சொக்கெட்டோடு கருகியபோது, எக்ஸ்போ என்ற கூடிய வேக நினைவக அமைப்பை இயக்கியதும் சில பலகைகள் எஸ்ஓசி வோல்ற்றளவை (புரொசசரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்வது) மிகையாக உயர்த்தியது தெரியவந்தது. ஏஎம்டி பின்னர் அதை 1.3 வோல்ற்றுக்குள் கட்டுப்படுத்தியது. 2024 இல் இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறைப் புரொசசர்கள் சில மிகை வோல்ற்றளவால் தளர்ந்தபோது, ஓகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட் (புரொசசரின் உள் நிரல்) திருத்தம் வந்தது. இரண்டு திருத்தங்களும் மதர்போட் நிறுவனங்களின் பயோஸ் புதுப்பிப்பு வழியாகவே பாவனையாளரை அடைந்தன. ஆகையால் வாங்க நினைக்கும் பலகையின் பெயரை நிறுவனத்தின் தளத்தில் தேடி, கடைசி பயோஸ் எப்போது வந்தது என்று பாருங்கள். இரண்டு வருடமாக ஒன்றும் வராத பலகையை விலை மலிவென்று எடுக்காதீர்கள்.

கேள்வி: கொழும்பு பம்பலப்பிட்டியில் பாவித்த இசட்690 மதர்போட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
(வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: கே வரிசைப் புரொசசர் வைத்திருந்தால் வாங்கலாம். ஆனால் பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்து வாங்குங்கள். இந்த வகையில் ஊசிகள் புரொசசரில் இல்லை, பலகையின் சொக்கெட்டில் இருக்கின்றன. 1700 ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் ஒரு ராம் துளை செத்துப் போகலாம். சொக்கெட் மூடியைத் திறக்கச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து எல்லாப் பக்கத்திலிருந்தும் பாருங்கள். வரிசை எங்காவது கோணலாக மின்னினால், விலை பேசவே வேண்டாம்.