ரெஃப்ரி மேல கோவமா? கேளுங்க: என்எஃப்எல் பெனால்டி கேள்வி பதில்

என்எஃப்எல்ல (அமெரிக்க ஃபுட்பால் லீக்) ரெஃப்ரி கொடி, அதான் ஃப்ளாக், போட்டா பெனால்டி; அது பத்தி வந்த கேள்விய எல்லாம் கீழ போட்டிருக்கேன், திட்டுன பகுதிய மட்டும் வெட்டிட்டேன்.

கேள்வி: அண்ணா, மேட்ச் பூரா ஜெர்சிய பிடிச்சு இழுத்தாலும் கண்டுக்க மாட்டாங்க, கடைசி ரெண்டு நிமிஷத்துல மட்டும் ஹோல்டிங்னு ஃப்ளாக் போடுறாங்களே, என்ன நியாயம் இது?

2023 சூப்பர் பவுல (லீகோட ஃபைனல்) மனசுல வச்சுத்தான் கேக்குறீங்க, தெரியுது. 35-35, ரெண்டு நிமிஷம் கூட இல்ல, ஈகிள்ஸோட பிராட்பெரி சீஃப்ஸோட ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டர் ஜெர்சிய இழுத்தார்னு ஃப்ளாக், சீஃப்ஸ் டைம ஓட்டிட்டு ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு புள்ளி) அடிச்சு 38-35னு முடிச்சிட்டாங்க. அப்புறம் பிராட்பெரியே ஆமா இழுத்தேன், விட்ருவாங்கன்னு நெனச்சேன்னு சொல்லிட்டார். ரூல்படி ஹோல்டிங் தான், அதுல சண்டை இல்ல. ஆனா அவ்வளவு அனுபவம் உள்ள ப்ளேயரே விட்ருவாங்கன்னு நம்புறார்னா, எவ்வளவு இழுத்தா ஃப்ளாக்குன்னு களத்துல யாருக்கும் நிச்சயம் இல்லன்னு தானே அர்த்தம்? எனக்கு கோவமே அங்கதான்.

கேள்வி: சார், நான் செயின்ட்ஸ் ஃபேன். அந்த 2019 மேட்ச பத்தி ஒரு வார்த்தை?

ஒரு வார்த்தைல முடியாது சார். சூப்பர் பவுலுக்கு போக ராம்ஸோட ஆடுன மேட்ச். 20-20, ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மி, பந்து வர்றதுக்கு முன்னாடியே ராம்ஸோட ரோபி-கோல்மன் வந்து செயின்ட்ஸோட டாமிலீ லூயிஸ் மேல மோதுறார், ஹெல்மெட்டோட ஹெல்மெட். பந்து வர்றதுக்கு முன்னாடி தடுத்ததுக்கு (இன்டர்ஃபியரன்ஸ்) ஒண்ணு, ஹெல்மெட் அடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு பெனால்டி போட்டிருக்கலாம், ஒண்ணு கூட போடல. ஃப்ளாக் விழுந்திருந்தா செயின்ட்ஸ் டைம கரைச்சிட்டு பக்கத்துல இருந்து ஃபீல்டு கோல் அடிச்சு கிளம்பியிருப்பாங்க. நடந்தது என்னன்னா ராம்ஸ் ஓவர்டைம்ல 57 யார்டு கிக் அடிச்சு 26-23னு சூப்பர் பவுலுக்கு போயிட்டாங்க. அந்த ஹெல்மெட் அடிக்கு பிற்பாடு லீகே அபராதம் போட்டுச்சு, அத நெனச்சாத்தான் இன்னும் எரியுது.

கேள்வி: அப்ப இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளேல பாத்துட்டா போச்சே ப்ரோ?

பாத்தாங்களே. 2019 சீசன் முழுக்க கோச் சேலஞ்ச் பண்ணலாம்னு வச்சாங்க. அப்பட்டமா தப்பா இருக்குற முடிவையே மாத்தாம விட்டாங்க, ஒரு வாரம் ஒரு அளவு அடுத்த வாரம் வேற அளவு, கோச்சுங்களே வெறுத்துப்போய் 2020ல தூக்கிட்டாங்க. கிரிக்கெட்ல எல்பிடபிள்யூவுக்கு பந்து எங்க போகும்னு மெஷின் காட்டிடுது, இங்க கை பட்டதால ரிசீவர் (பந்த பிடிக்க ஓடுறவர்) தடுமாறுனாரா இல்லையான்னு எந்த மெஷின் சொல்லும்?

கேள்வி: ஃபேஸ்மாஸ்க் (ஹெல்மெட் முன்கம்பிய பிடிச்சு இழுக்குறது) அப்படி இல்லையே, பச்சையா தெரியுமே?

கரெக்ட். 2024 அக்டோபர், வைகிங்ஸ்-ராம்ஸ். வைகிங்ஸ் 28-20னு பின்னாடி இருக்காங்க, சொந்த எண்ட் சோன்ல (கோல் கோட்டுக்கு பின்னாடி இருக்குற பகுதி) அவங்க குவார்ட்டர்பேக் (பந்த எறியுறவர்) சாம் டார்னால்ட் பந்தோட நிக்கிறார், ராம்ஸோட பைரன் யங் அவர் ஃபேஸ்மாஸ்க்க பிடிச்சு தலையவே திருப்பி கீழ தள்ளுறார். ஃப்ளாக் இல்ல, சேஃப்டி (சொந்த எண்ட் சோன்ல சாய்ச்சா எதிரணிக்கு ரெண்டு புள்ளி), கதை முடிஞ்சது. டார்னால்ட் தனக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தார், சரியா தெரியலன்னு ரெஃப்ரி சொன்னார், அது கூட எனக்கு ஒத்துக்க முடியுது. டிவில பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சது, ரீப்ளே ரூம்ல இருக்குறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், ஆனா விழாத ஃப்ளாக்க அவங்க போட முடியாதுன்னு ரூல். 2025ல ரீப்ளே அசிஸ்ட்ட (ரீப்ளே ரூம்ல இருந்து ரெஃப்ரிக்கு உதவுறது) கூட்டுனாங்க, அதுவும் தப்பா போட்ட ஃபேஸ்மாஸ்க் ஃப்ளாக்க எடுக்கத்தான். டார்னால்டுக்கு இன்னிக்கும் நியாயம் கிடைக்காது.

கேள்வி: ரஃபிங் த பாஸர் (குவார்ட்டர்பேக்க முரட்டுத்தனமா அடிக்குறது)னா என்னதான்ணே? தொட்டாலே பெனால்டியா?

2022 அக்டோபர்ல ஒரே வாரத்துல ரெண்டு. ஞாயித்துக்கிழமை கிரேடி ஜாரெட் குவார்ட்டர்பேக் டாம் பிராடிய சும்மா சாதாரணமா சாய்ச்சதுக்கு ஃப்ளாக், மறுநாள் ராத்திரி கிறிஸ் ஜோன்ஸ் குவார்ட்டர்பேக் டெரெக் கார் கைல இருந்து பந்தையே பிடுங்கிட்டு விழுந்ததுக்கு முழு உடம்பு எடையையும் போட்டுட்டார்னு ஃப்ளாக். விழும்போது எடைய எங்க கொண்டு வைக்கிறதாம்? குவார்ட்டர்பேக் அடிபடக்கூடாதுங்குறது நல்ல நோக்கம் தான், ஆனா இப்படி போட்டா டிஃபென்ஸ்ல எவன் ஆடுவான்.

கேள்வி: சீஃப்ஸுக்கு சாதகமா ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்காங்க, ஒத்துக்கோங்க.

ஒத்துக்க மாட்டேன் தம்பி. ஸ்கிரிப்ட் இருந்தா 2025 சூப்பர் பவுல்ல ஈகிள்ஸ் கிட்ட 40-22னு உதை வாங்கியிருப்பாங்களா?

கேள்வி: ரெஃப்ரி எல்லாம் பார்ட்-டைமாமே, அதனாலதானா இப்படி?

பெரும்பாலும் பார்ட்-டைம் தான், வாரநாள்ல வேற வேலை பாக்குறவங்க நிறைய பேர். முழுநேரம் ஆக்குனா கொஞ்சம் தேறும், வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு குழு ஹோல்டிங்க தேடித்தேடி போடும், இன்னொரு குழு ஆடட்டும்னு விட்டுடும், இந்த வாரம் யார் வர்றாங்கன்னு பாத்துத்தான் கோச்சுங்க ப்ளேயர்கிட்ட பேசவே செய்றாங்க. சம்பளத்த கூட்டுறதுக்கு முன்னாடி அந்த அளவ ஒண்ணாக்கச் சொல்லுங்க.