புதிதாக வாங்கிய 27 இன்ச் மானிட்டரில் எழுத்து மங்கல், மூலையில் வெளிச்சக் கசிவு, போதாததற்கு ஒரு சிவப்புப் புள்ளி. திருப்பி அனுப்பலாமா, வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?

பெட்டியையும் தெர்மாகோலையும் இன்னும் பழைய பேப்பர்காரருக்குப் போடவில்லை என்றே நம்புகிறேன். ஆன்லைனில் வாங்கியிருப்பீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். முதல் வேலையாக ஆர்டர் பக்கத்தைத் திறந்து, மாற்றித்தரக் கடைசித் தேதி என்ன, பணம் திரும்ப வருமா அல்லது ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தானா என்று பாருங்கள். இனிச் சொல்லும் சோதனைகளை எல்லாம் அந்தத் தேதிக்குள் முடித்தாக வேண்டும்.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே நோய் இல்லை. மங்கல் பெரும்பாலும் செட்டிங்ஸ் கோளாறு. மூலை வெளிச்சம் பேனலின் (படம் தெரியும் திரைப்பலகையின்) பிறவிக் குணமாக இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம். சிவப்புப் புள்ளி மட்டும்தான் நிச்சயமாகப் பேனல் பழுது. 'பேனல் போச்சு, ரிட்டர்ன் போடுங்க' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மங்கலுக்காகத் திருப்பி அனுப்பினால் மாற்றாக வருவதும் அதே கம்ப்யூட்டரில் அதே மாதிரி மங்கலாகத்தான் தெரியும்.

ஆகவே தப்பு எந்தப் பக்கம் என்று முதலில் பிரியுங்கள். மானிட்டரின் அடியிலோ பின்னாலோ இருக்கும் பட்டனை அழுத்தினால் அதன் சொந்த மெனு வரும். அந்த மெனுவை வரைவது மானிட்டருக்குள் இருக்கும் சிப். கம்ப்யூட்டருக்கும் கேபிளுக்கும் அதில் பங்கே இல்லை. மெனு எழுத்து கத்தி மாதிரி இருந்து, பின்னால் தெரியும் விண்டோஸ் எழுத்து மட்டும் மங்கினால் மானிட்டர் மேல் பழி இல்லை. கோடோ கறையோ மெனுவையும் தாண்டி ஓடினால் பேனல் பக்கம்தான். அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். குறை அதிலும் தெரிந்தால் டிரைவரோ கிராஃபிக்ஸ் கார்டோ காரணம். ஸ்கிரீன்ஷாட் என்றால் ஸ்கிரீன்ஷாட். திரையைப் போனில் படம் பிடிப்பது இதில் சேர்த்தி இல்லை. கடைசியாகக் கேபிளை மாற்றுங்கள், பிறகு வேறு ஒரு லேப்டாப்பைச் செருகுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

இனி மங்கல். உங்கள் மாடல் 1920×1080 என்றால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். 27 இன்ச்சில் அந்த ரெசல்யூஷன் இன்ச்சுக்கு ஏறத்தாழ 82 பிக்சல்தான் தரும். 23.8 இன்ச் என்றால் 92 வரும். 27 இன்ச்சில் 2560×1440 என்றால் 109. லேப்டாப் திரைக்குப் பழகிய கண்ணுக்கு 82 சொரசொரப்பாகத்தான் தெரியும். அதை எந்த செட்டிங்கும் மாற்றாது, கொஞ்சம் தள்ளி உட்காரலாம், அவ்வளவுதான். இந்த அளவை 'செம ஷார்ப்' என்று வாய் கூசாமல் சொல்லும் ரிவ்யூக்காரர்களிடம்தான் எனக்குக் கோபம். ஒரு வேர்ட் ஃபைலைத் திறந்து காட்டியிருந்தால் பாதிப் பேர் 24 இன்ச்சே வாங்கியிருப்பார்கள்.

அதையும் மீறி மங்குகிறது என்றால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷன் 'ரெகமெண்டட்' என்று போட்டதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் மங்கினால் எச்டிஎம்ஐ மேல் சந்தேகம் வரவேண்டும். எச்டிஎம்ஐ டிவிக்காகப் பிறந்தது. சில கிராஃபிக்ஸ் கார்டுகள் மானிட்டரையும் டிவி என்று நினைத்துக்கொண்டு படத்தைச் சுருக்கும், அல்லது நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும். அப்படிக் குறைப்பதில் இரண்டு முறை: 4:2:2 என்றால் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல், 4:2:0 என்றால் நான்குக்கு ஒன்று. சினிமாவில் இது கண்ணுக்குத் தெரியாது, எழுத்தில் உடனே தெரியும். பெயின்டில் கறுப்புப் பின்னணி போட்டு, சிறிய அளவில் சிவப்பு எழுத்தும் நீல எழுத்தும் அடித்துப் பாருங்கள். ஈரத்தாளில் மை ஊறியது போல ஓரம் கரைந்து, மெல்லிய கோடுகள் பாதி காணாமல் போயிருந்தால் காரணம் இதுதான்.

என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கம். அங்கே மேலே 'அல்ட்ரா எச்டி, எச்டி, எஸ்டி' என்று ஒரு பட்டியலும், கீழே 'பிசி' என்று ஒரு பட்டியலும் இருக்கும். 1920×1080 இரண்டிலும் இருக்கும். பிசி பட்டியலில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் கீழே 'யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்' என்பதைத் தொட்டு, அவுட்புட் ஃபார்மட்டை ஆர்ஜிபி என்றும் டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்றும் வையுங்கள். ரேஞ்ச் 'லிமிடெட்' ஆக இருந்தால் 0 முதல் 255 வரை போக வேண்டிய சிக்னல் 16 முதல் 235க்குள் அடங்கிவிடும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். படம் வெளுத்திருக்கிறது என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். மீதியில் பெரும்பங்கு விண்டோஸில் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்காட்டும் முறை) ஆன் ஆகிக் கிடப்பது. பெட்டியில் 'டிஸ்ப்ளே எச்டிஆர் 400' என்று அச்சடித்திருந்தாலும் அந்தத் தரத்துக்கு லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதியில் மட்டும் பின்விளக்கைக் குறைப்பது) கட்டாயமில்லை. சாதாரண வேலைக்கு எச்டிஆரை ஆஃப் செய்துவிடுங்கள்.

ஏஎம்டி கார்டு என்றால் அதன் செட்டிங்ஸில் ஆர்ஜிபி 4:4:4 (நிறத் தகவல் குறையாத முறை) ஃபுல் என்று வையுங்கள். படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் தெரிந்தால், அங்கேயே எச்டிஎம்ஐ ஸ்கேலிங் பட்டையை 0 சதவீதத்துக்கு இழுங்கள். கடைசியாக ஸ்டார்ட் மெனுவில் 'க்ளியர்டைப்' (எழுத்தைத் தெளிவாக்கும் விண்டோஸ் வசதி) என்று தேடி, வரும் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்குப் பிடித்த மாதிரியைச் சொடுக்குங்கள். மானிட்டர் மெனுவில் ஷார்ப்னெஸ்ஸை ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல் விழும். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் ஃபேக்டரி ரீசெட். பழைய கம்ப்யூட்டரில் விஜிஏ வயரில் ஓட்டுகிறீர்கள் என்றால், ஒரு வெள்ளைப் பக்கத்தை முழுத்திரையில் திறந்துவைத்து மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' கொடுங்கள்.

கையோடு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் ரெஃப்ரெஷ் ரேட்டையும் (வினாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) பார்த்துவிடுங்கள். 100 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ் என்று வாங்கிவிட்டு மாதக்கணக்கில் 60இல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து மூலை வெளிச்சம். இருட்டறையில் ஒரு கறுப்புப் படத்தை முழுத்திரையில் போடுங்கள். பிரைட்னெஸ்ஸை 100இல் வைக்காமல் நீங்கள் தினமும் வைக்கும் அளவிலேயே வையுங்கள். இப்போது தலையை இடமும் வலமும் நகர்த்துங்கள், பிறகு எட்டடி பின்னால் போய் நேராக நின்று பாருங்கள். தலையோடு சேர்ந்து வெளிச்சமும் நகர்ந்து, பின்னால் போகப்போகக் குறைந்தால் அது ஐபிஎஸ் க்ளோ. ஐபிஎஸ் என்பது பேனலில் ஒரு வகை. அந்த வகைப் பேனல் எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ இருக்கும், மாற்றி வாங்கினாலும் வரும். எங்கிருந்து பார்த்தாலும் அதே ஓரத்தில், டார்ச் அடித்தது போல நகராமல் நின்றால் பேக்லைட் ப்ளீட்: சட்டம் பேனலைச் சமமில்லாமல் அழுத்துவதால், பின்விளக்கின் ஒளி ஓர இடுக்கில் கசிகிறது. சிலவற்றில் சில நாள் ஓடியபின் கொஞ்சம் குறையும், ஆனால் அதை நம்பித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

சட்டத்தைக் கழற்றி ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ப்ளீட் குறையும் என்று இந்தப் பதிலுக்குக் கீழேயே யாராவது எழுதுவார்கள். குறையலாம், மறுக்கவில்லை. ஆனால் வாரன்டி உள்ள பொருளில் கை வைத்த அடையாளத்தைச் சர்வீஸ்காரர் பார்த்துவிட்டால் சிவப்புப் புள்ளிக்குக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது.

மூலை வெளிச்சத்தைப் போனில் படம் எடுப்பதிலும் ஒரு சிக்கல். இருட்டில் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். லேசான க்ளோ தீப்பற்றியது போல வரும். அந்தப் படத்தை அனுப்பினால் 'கேமரா எஃபெக்ட்' என்று தள்ளிவிடுவார்கள். திரையில் விரலை வைத்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைத்து எடுங்கள்.

இப்போது சிவப்புப் புள்ளி. முதலில் மைக்ரோஃபைபர் துணியால் உலரத் துடையுங்கள், அழுத்தாமல். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து முழுநிறப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். கறுப்பில் சிவப்பாக மின்னி, முழுச் சிவப்பில் கரைந்து மறைந்தால் அந்த ஒரு சப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பகுதிகளில் ஒன்று) திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது: ஸ்டக் பிக்சல். எல்லா நிறத்திலும் கறுப்பாகவே இருந்தால் டெட் பிக்சல். ஐபிஎஸ், விஏ (இன்னொரு வகை) பேனல்களில் மின்சாரம் வராத பிக்சல் இருட்டாகத்தான் நிற்கும், அது திரும்ப வராது. வெள்ளையில் மட்டும் சாம்பல் நிறமாக, ஓரம் மழுங்கலாகத் தெரிந்தால் அது பிக்சலே இல்லை, உள்ளே சிக்கிய தூசி.

ஸ்டக் பிக்சலுக்கு, நிறங்களை வேகமாக மாற்றும் சின்ன விண்டோவை அந்தப் புள்ளி மேல் வைத்து 20 நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை ஓடவிடும் முறை உண்டு. சரியாகிறதும் உண்டு, அசையாததும் உண்டு, உத்தரவாதம் கேட்காதீர்கள். ஓடும்போது அதைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், வலிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். ஓர் இரவு போதும். பென்சில் முனையில் துணி சுற்றி அமுக்கும் வைத்தியம் வேண்டாம். ஒரு புள்ளிக்குப் பதில் பக்கத்தில் நாலு புள்ளி வாங்கிக்கொள்ளும் வழி அது.

இங்கேதான் வயிற்றெரிச்சல். ஒரு புள்ளிக்கு மாற்றித்தர மாட்டோம் என்பார்கள். முழு எச்டி திரையில் 20,73,600 பிக்சல், ஒவ்வொன்றிலும் மூன்று என்று 62 லட்சத்துக்கு மேல் சப்பிக்சல். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற தரவிதி இரண்டாம் வகுப்புத் (அந்த விதி வகுத்த தரங்களில் ஒன்று) திரைக்குப் பத்து லட்சம் பிக்சலுக்கு இரண்டு முழு வெளிச்சப் புள்ளி, இரண்டு முழு இருட்டுப் புள்ளி, ஐந்து சப்பிக்சல் பழுது வரை அனுமதித்தது. 2008இல் ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்துக்கு வந்தாலும், 'இத்தனை வரை பழுது இல்லை' என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் மாறவில்லை. அந்த எண்ணிக்கையைப் பெட்டி மேல் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? பணம் கொடுக்கும்வரை அது நம் கண்ணில் படுவதே இல்லை. சில பிராண்டுகள் வெளிச்சப் புள்ளி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று தனியாக உறுதி தருகின்றன. உங்கள் மாடலின் வாரன்டி பக்கத்தில் 'பிரைட் டாட்' என்று தேடிப் பாருங்கள்.

அதனால் வாரன்டி வழியைவிட விற்பனைத் தளத்தின் மாற்று வழி உங்களுக்கு நல்லது. புகாரில் 'ஸ்கிரீன் சரியில்லை' என்று எழுதினால் செட்டிங்ஸ் மாற்றச் சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள். 'கறுப்புத் திரையில் எப்போதும் ஒளிரும் சிவப்பு சப்பிக்சல் ஒன்று, இடமிருந்து 21 செ.மீ., மேலிருந்து 9 செ.மீ., கேபிளும் கம்ப்யூட்டரும் மாற்றிச் சோதித்தாயிற்று, மானிட்டர் மெனு மேலும் தெரிகிறது' என்று அளந்து எழுதி, படமும் சேருங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த வாரம் கேட்பீர்கள். திரை இரண்டு வினாடி கறுத்துத் திரும்பி வந்தாலோ, இருட்டுக் காட்சியில் மினுமினுப்பு தெறித்தாலோ கேபிளைச் சந்தேகியுங்கள், முக்கியமாக மலிவான நீளக் கேபிளை. நாற்காலியிலிருந்து எழும் நொடியில் கறுத்தால் கேலி இல்லை, நிஜம்: கேஸ் லிஃப்ட் நாற்காலியின் நிலைமின்சாரம் கேபிளில் இறங்குகிறது. நல்ல ஷீல்டு உள்ள குட்டைக் கேபிள் போட்டு, மூன்று பின் பிளக்கை எர்த் உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். கேம் ஆடும்போது மட்டும், அதுவும் விஏ பேனலில், இருட்டுப் பகுதி துடித்தால் அடாப்டிவ் சிங்க்கை (ரெஃப்ரெஷ் ரேட்டைக் கேமின் வேகத்தோடு சேர்த்து மாற்றும் வசதி) ஆஃப் செய்து பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரு பிக்சல் அகலக் கோடு வந்தால் வீட்டு வைத்தியமே கிடையாது, அன்றைக்கே புகார் போடுங்கள்.

புள்ளி நகர்ந்தால் அது பூச்சி. திரை ஒளிக்கு வரும் மிகச்சிறிய பூச்சிகள் பேனல் அடுக்குக்குள் நுழைந்துவிடும். விரலால் நசுக்கினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மானிட்டரை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மேசை விளக்கை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.