கேரவனையும் கால்வாய்ப் படகையும் கலைக்கூடமாக்குவது கடலூர், புதுச்சேரிப் பக்கம் நடக்கிற காரியமா?

வண்டி என்றால் தாராளமாக நடக்கும். படகு என்றால், இங்கிலாந்தில் செய்கிறார்களே என்று அப்படியே எடுத்துச் செய்ய முடியாது. கடலூரில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்பவன் நான். சிறு சரக்கு வண்டி ஒன்றின் பின்பகுதியைக் கூடமாக்கி, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் நிறுத்தியும் இருக்கிறேன்.

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்களில், படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுகளின் அகலம் ஏறத்தாழ 7 அடிதான் என்பதால் படகின் அகலமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பக்கச் சுவரில் படங்களை மாட்டினால், பார்ப்பவர் பின்வாங்கி நின்று பார்க்க நான்கைந்து அடிதான் மிஞ்சும். பெரிய கித்தான் ஓவியங்கள் அங்கே எடுபடா, கையகலக் கோட்டோவியங்கள் எடுபடும். லண்டன் லிட்டில் வெனிஸ் பகுதியில் பழைய சரக்குப் படகொன்றுக்குள் 1982 முதல் பொம்மலாட்டம் நடத்திவருகிறார்கள். யார்க்ஷயரைச் சேர்ந்த மிக்ரான் நாடகக் குழுவோ, 1936-இல் கட்டிய டைஸ்லி என்ற படகில் ஊர் ஊராகச் சென்றாலும், நாடகத்தைக் கரையில் இறங்கித்தான் போடுகிறது. நமக்கு ஒத்துவருவது இந்த இரண்டாவது வழிதான்.

காரணம் தண்ணீர். அங்கே மதகுகள் நீர்மட்டத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. முதுநகர் உப்பனாற்றிலும் நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றிலும் கடலின் ஏற்றவற்றத்தோடு படகும் ஏறி இறங்குவதால், காலையில் ஏறுவதற்கு வாகாக இருந்த பலகை மாலையில் செங்குத்தாக நிற்கும், வயதானவர்கள் ஏற மாட்டார்கள். உப்புக் காற்றில் காகிதம் நெளிந்து பூஞ்சை பிடிப்பது தனித் தொல்லை. பக்கிங்காம் கால்வாயை நம்பலாமென்றால், அது மரக்காணம் பக்கமே முடிந்துவிடுகிறது, வழியிலும் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது.

வண்டி நமக்குப் புதிதில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இலேயே சினிமாவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். மன்னார்குடி வட்டாரத்தில் 1931-இல் நூலகமே மாட்டுவண்டியில் போயிற்று. தேவனாம்பட்டினத்தில் நான் கண்டது வேறொரு சிக்கல். பெண்கள் பலர் படியருகே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள், ஏறிவந்த ஒரு பாட்டி, "ஏன் தம்பி, இதெல்லாம் என்ன விலை?" என்றார். பக்கத் தடுப்பை இறக்கி, படங்களைத் தெருவைப் பார்க்கத் திருப்பிய பிறகுதான் கூட்டம் தயங்காமல் சேர்ந்தது. ஆகவே முழுக்க மூடிய கேரவனைவிட, பக்கம் திறக்கும் வண்டியே மேல் என்பேன். தகரக் கூரை காய்வதால் மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்க வேண்டும். சுடுமண் சிற்பம், மரச் செதுக்கு போன்றவை காகிதத்தைவிட நன்றாகத் தாங்கும்.

படகுதான் வேண்டுமென்றால், கலைஞர்களைப் படகிலும் பார்ப்பவர்களைக் கரையிலும் வையுங்கள். சுண்ணாம்பாற்றில் அந்தி நேரத்துப் பொம்மலாட்டத்துக்கு பேட்டரி விளக்குகளே போதும். படகுக்கான அனுமதியை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.