'டியூரபிலிட்டி' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'நீடித்த தன்மை' சரியா?

நீங்களும் ஏதோ பொருளுக்கு விளம்பர வாசகம் எழுத உட்கார்ந்து, அகராதி தந்த சொல் ஒட்டாமல்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பொருளைப் பற்றி என்றால் 'உழைக்கும்' என்று எழுதுங்கள். 'நீடித்து உழைக்கும்' என்றாலும் சரி.

நான் இதில் சூடுபட்டவன். முதுகுப்பை ஒன்றின் விளம்பரத்தை மொழிபெயர்த்தபோது 'பல ஆண்டுகள் உழைக்கும்' என்று எழுதினேன். சரிபார்த்தவர் அதை அடித்து, 'பை எப்படி உழைக்கும்? மனிதன்தான் உழைப்பான்' என்று ஓரத்தில் குறித்துவிட்டு, 'நீடித்த நிலைத்தன்மை உடையது' என்று மாற்றிவிட்டார். அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் பதில் சொல்லாமல் என் பையை எடுத்து, வார் சேருமிடத்தை உட்புறமாகத் திருப்பி, தையலைக் கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பார்த்தார். "ஒத்தத் தையல்தான் போட்டிருக்கான். ஒரு வருஷம் உழைச்சாலே பெரிசு."

'நீடிக்கும்' தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அது காலத்தை மட்டும்தான் சொல்லும். மழை நீடிக்கும், வழக்கு நீடிக்கும், காய்ச்சலும் நீடிக்கும். காய்ச்சல் பத்து நாள் உழைத்தது என்று யாராவது சொல்வார்களா? உழைப்பது என்றால் பயன்பட்டு, தேய்ந்து, அடிபட்டு, அப்புறமும் நிற்பது. பரணில் சும்மா கிடக்கிற பை எத்தனை வருஷம் இருந்தாலும் உழைத்ததாகாது. குறளில் 'உழந்தும் உழவே தலை' என்று வரும் உழத்தலுக்கும் வருந்திப் பாடுபடுதல் என்றுதான் பொருள். (உழ வேறு, உழை வேறு என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வேர் ஒன்று என்று நான் சொல்லவில்லை, வாடை ஒன்று என்கிறேன்.)

பாலம், கட்டடம் என்றால் 'உழைக்கும்' இடிக்கும். அங்கே 'தாங்கும்', 'உறுதியானது'. 2015இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளைப் பற்றிப் பேசும்போது வரும் 'நீடித்த வளர்ச்சி' முற்றிலும் வேறு சங்கதி, அதைப் பைக்கும் செருப்புக்கும் இழுக்காதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதுகுப்பை விளம்பர வேலையில் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார்கள். நான் பிரித்து எழுதியதையெல்லாம் 'சேர்த்து எழுதுவதே மரபு' என்று ஒட்டிவிட்டு, ஒட்டிய பிறகுதான் எண்ணினார்கள். 'பயன்படுத்திக்கொண்டிருக்கிறவர்களுக்கு' ஒரே சொல்லாம்.