44 கோர் பழைய சர்வர் கல்யாண வீடியோவுக்கு ஆகுமா?

கேள்வி: பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சோனி கேமராவில் 4கே, எச்.265 (வீடியோவை இறுக்கிச் சுருக்கும் முறை), 10 பிட் 4:2:2 (நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் வகை) எடுக்கிறோம். எடிட்டிங்கில் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. பெங்களூரிலிருந்து ஒருவர் இரண்டு ஜியான் இ5-2699 வி4 (இன்டெல்லின் சர்வர் சிப், இரண்டும் சேர்த்து 44 கோர்) போட்ட மெஷின், 128 ஜிபி ராம், பழைய குவாட்ரோ கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்கிறார். முகூர்த்த சீசனுக்கு முன் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம்.

அவர் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 88 கட்டங்களைக் காட்டியிருப்பாரே? அது த்ரெட் கணக்கு, ஒரு கோரை இரண்டாகக் காட்டுவது. நிஜமான கோர், அதாவது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் மூளை, 44 தான். சிலர் அந்த 44-ஐ 2.2 ஆல் பெருக்கி "97 கிகாஹெர்ட்ஸ் மெஷின்" என்றே விற்கிறார்கள். பத்து டவுன் பஸ் ஒன்றாகக் கிளம்பினால் தொப்பூர் கணவாயைப் பத்து மடங்கு சீக்கிரம் தாண்டிவிடுமா என்ன? டைம்லைனை இழுக்கும்போது வேலை கொஞ்சம் கோர்களிடம்தான் போகிறது, மற்றவை சும்மா நிற்கும். அந்தச் சில கோர்களும் 2016-ல் வந்தவை, அதிகபட்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ்.

உங்களுக்குத் திக்குவதன் காரணமே வேறு. 4:2:2 எச்.265-ஐத் திக்காமல் பிரித்துக் காட்டத் தனி வன்பொருள் வேண்டும். அந்த ஜியானில் கிராபிக்ஸே கிடையாது, பழைய குவாட்ரோவுக்கும் இது தெரியாது. இன்டெல்லின் 11-ம் தலைமுறைக்குப் பிறகு வந்த டெஸ்க்டாப் சிப்புகளில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதைச் செய்யும். என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இது வந்தது. இன்டெல் ஐ7-14700கே (20 கோர், 5.6 கிகாஹெர்ட்ஸ் வரை) போதும். ஆனால் கவனம், பெயரின் கடைசியில் "எஃப்" இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை. கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் அதைத்தான் முதலில் தலையில் கட்டுவார், நீங்களும் "எப்படியும் கார்டு போடுகிறோமே" என்று தலையாட்டிவிடுவீர்கள்.

சிப்பைப் பெட்டியோடு கேளுங்கள். பெட்டியில்லாமல் வரும் சிப்புக்கு வாரன்டி விற்றவர் பொறுப்பு. 13, 14-ம் தலைமுறை சிப்புகளில் சில தடுமாறியதால் 2024-ல் இன்டெல் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அதனால் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வாரன்டி என்று போனால் கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி கடைக்காரரைக் கைகாட்டும், நடுவில் வீடியோ எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் போன் செய்துகொண்டிருப்பார்கள். ஜிஎஸ்டி பில் இல்லாவிட்டால் அந்தக் கைகாட்டல்கூடக் கிடைக்காது.

பழைய சர்வர் விற்பவர்கள் மறைக்கும் இன்னும் இரண்டு விஷயம். சிப்பின் மூடியில் "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி, விற்பனைக்கானதே இல்லை. அப்புறம், விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் அங்கீகரித்த சிப்புகளில் இந்த ஜியான் கிடையாது, ஏதோ குறுக்குவழியில் ஏற்றித்தான் தருவார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. தருமபுரி பக்கம் இன்ஜினியர்களுக்கு வீட்டு எலிவேஷன் (முகப்பு) 3டி செய்து தருபவர், ரெண்டரிங்கை (இறுதிப் படத்தை உருவாக்கும் வேலை) கிராபிக்ஸ் கார்டில் ஓட்டாமல் சிபியுவில், அதாவது இந்தச் சிப்பிலேயே, ஓட்டுபவர் என்றால் 44 கோரும் உழைக்கும், படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும். அதிலும் ராமை 8 குச்சியாகப் போட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு சிப்புக்கும் ராமுக்குப் போகும் பாதை (சேனல்) நான்கு. 64 ஜிபி குச்சி இரண்டை மட்டும் சொருகித் தந்தால் வேகம் படுத்துவிடும். அப்படியும் இரண்டு சிப்பும் சேர்ந்து 290 வாட் என்ற கணக்கு. ஏஎம்டியின் 170 வாட் ரைசன் 9 9950எக்ஸ் 16 கோரிலேயே இதற்கு ஈடுகொடுக்கும். ஆக, இந்த விதிவிலக்கும் கையில் பணம் குறைவாக இருப்பவருக்குத்தான்.

எந்த மெஷினாக இருந்தாலும் உங்கள் சொந்த கிளிப் அரைமணி நேரத்தை எஸ்எஸ்டி-யில் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள், பிறகு எக்ஸ்போர்ட். கூடவே எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வெப்பத்தையும் கிகாஹெர்ட்ஸையும் கவனியுங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லா மெஷினும் பறக்கும், சூடேறிய பிறகுதான் சாயம் வெளுக்கும்.

இந்த சீசனுக்கு இப்போதிருக்கும் மெஷினிலேயே பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் செய்யும் இலகுவான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள். ராத்திரி ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும். நடுவில் கரண்ட் போனால் தாங்குகிற யுபிஎஸ் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.